வெள்ளையடிக்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

செவ்வாய்ப்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் வாடகைக் குடித்தனக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேட்டைக்காரர்களே,

ஆடிப் பண்டிகை நெருங்குகிறது. மாரியம்மனுக்குப் பூச்சாட்டுவதற்குள் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட வேண்டும் என்று தெருவுக்குத் தெரு பெயின்டர்களுக்கு முன்பணம் கொடுத்து நாள் குறித்துக்கொண்டிருக்கிறோம். சொந்தபந்தம் வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் மேஸ்திரிகளோடும் கொத்தனார்களோடும் இந்தப் பேட்டையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓதம் ஏறிய சுவர்மேல் இந்த வருஷம் பெயின்ட் அடிக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதைப் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள்.

நம்முடையது வீட்டுக்கு வீடு இடம் விட்டுக் கட்டிய புதுநகர் இல்லை. லீ பஜாரைச் சுற்றிய தெருக்களில் முகப்பு குறுகலாகவும் உள்நீளம் அதிகமாகவும் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கின்றன. முன்னறையில் கொலுசுப் பட்டறை அல்லது மண்டிச் சரக்கு, நடுவில் குடித்தனம், பின்னால் குளியலறையும் தரைத்தொட்டியும். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டு மாடியில் தேங்குகிற தண்ணீர் அடுத்த வீட்டுப் பூஜையறையில் இறங்குகிறது. அந்த வீட்டுக்காரர் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைக்கிறார். ஐப்பசியில் பெயின்ட் உப்பிக்கொண்டு உதிர்கிறது. அதற்குப் பிறகுதான் வாய்ச்சண்டை தொடங்குகிறது. ஆனியிலேயே இரண்டு பேரும் மாடிக்கு ஏறியிருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

மழைக்கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் ஏறக்குறைய 930 லிட்டர். ஒரே இரவில் ஐந்து சென்டிமீட்டர் கொட்டினால் 4,600 லிட்டரைத் தாண்டும். அவ்வளவும் இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக் கிடக்கிற ஒன்றிரண்டு குழாய் வழியாக இறங்கியாக வேண்டும். இறங்காத தண்ணீர் விரிசலைத் தேடும். புயலெல்லாம் கடற்கரைக்காரர்கள் கவலை என்று நாம் இருந்த காலம் போய்விட்டது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் அடிவாங்கியது உள்மாவட்டங்கள். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பதிவானது. சேர்வராயன் மலையில் பெய்த மழை திருமணிமுத்தாற்றில் வெள்ளமாக இறங்கி நம் நகரத்துக்குள் வந்தது. சித்திரை, வைகாசி இடிமழையில் உங்கள் வீட்டில் எங்கே ஒழுகியது என்ற தடம் இப்போதும் சுவரில் இருக்கும். வெள்ளையடித்தால் அந்தத் தடம் போய்விடும். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

சுவர் சொல்வதைக் கேளுங்கள்

ஓதம் எல்லாம் ஒரே வகை இல்லை. எந்த இடத்தில், எந்த உயரத்தில், எப்போது வருகிறது என்று பார்த்தாலே பாதி காரணம் தெரிந்துவிடும்.

கூரையில் பழுப்பு வளையம் விழுந்து, மழைக்குப் பின் மட்டும் பெரிதாகிறதென்றால் தண்ணீர் மாடியிலிருந்து வருகிறது. மழை இல்லாத பங்குனியிலும் அது ஈரமாகவே இருந்தால் மேலே உள்ள குளியலறை, தண்ணீர்க் குழாய் அல்லது தொட்டியைச் சந்தேகப்படுங்கள். ஜன்னலைச் சுற்றித் திட்டுத் திட்டாக வந்தால் சன்ஷேடும் சுவரும் சேருகிற மூலையில் வெடிப்பு இருக்கும். சாரல் அடிக்கும்போது அதன் வழியே உள்ளே வரும். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குப் பட்டையாக ஓதம் ஏறி, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது நிலத்து ஈரம். செங்கல் கீழிருந்து உறிஞ்சிய தண்ணீர் காய்ந்து போக, அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் சுவரின் முகத்தில் தங்குகிறது.

பீரோவுக்குப் பின்னால் மட்டும் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தால் பல சமயம் அது கசிவாக இருக்காது. காற்றோட்டம் இல்லாததுதான் காரணம். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். நம் மண்டிக்காரர்கள் வெல்ல மூட்டையைத் தரையில் போடாமல் கட்டை போட்டு அடுக்குவது ஈரத்துக்குப் பயந்துதான். சரக்குக்குக் கொடுக்கிற அந்தக் கவனத்தைக் குழந்தைகள் படுக்கிற அறைக்கும் கொடுக்கலாம். நிலைக்கதவு உப்பி இறுக்குகிறதா, கதவு நிலையின் அடியில் கரையான் மண் ஏறுகிறதா என்றும் பாருங்கள். கரையான் ஈரத்தைத் தேடித்தான் வரும். விரல் மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே காலியாக ஒலிக்கிற இடத்தில் பூச்சு செங்கலை விட்டுக் கழன்றிருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் ஓத வாடை அடிக்கிறதா என்று வெளியூரிலிருந்து வந்த மகளிடமோ மருமகளிடமோ கேளுங்கள். அங்கேயே இருக்கிறவர்கள் மூக்குக்கு அது பழகிப்போயிருக்கும்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் வாழ்கிறவர்களுக்கு மூச்சிரைப்பும் சுவாசத் தொல்லைகளும் அதிகம் வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குழந்தைக்கு அடிக்கடி சளி பிடித்து இழுக்கிறதென்றால் டாக்டரிடம் காட்டுவதோடு தலைமாட்டுச் சுவரையும் தொட்டுப் பாருங்கள்.

செலவில்லாத சோதனைகள்

ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அறைக் காற்றிலுள்ள ஈரம் அது.

நம் ஊரில் மேட்டூர்த் தண்ணீர் வருகிற நேரத்தில் பிடித்து வைப்பது பழக்கம் என்பதால் தொட்டியில்லாத வீடு இல்லை. ராத்திரி படுக்கும்போது மாடித் தொட்டியின் நீர்மட்டத்தில் உள்பக்கமாக ஒரு கோடு போட்டு, குழாய் எதையும் திறக்காமல் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் குழாயிலோ தொட்டியிலோ கசிவு உண்டு. தரைத்தொட்டியையும் இப்படியே பாருங்கள். சுவரோரம் கட்டிய தரைத்தொட்டியில் விழுந்த ஒரு வெடிப்பு பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தை வருஷக்கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்கும். குளியலறைமேல் சந்தேகம் இருந்தால் அதன் தரையில் நீர் போகும் துளையை அடைத்து, சொட்டு நீலம் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் தேக்கி வையுங்கள். அடுத்த நாள் கீழே நீலம் தெரிந்தால் வாக்குவாதத்துக்கே அவசியமில்லை.

கான்கிரீட் மாடியாக இருந்தால் குழாய் வாயை அடைத்து ஓரங்குலத் தண்ணீர் கட்டி ஒரு நாள் பார்க்கலாம். பழைய சுண்ணாம்புத் தளத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். நூறு சதுர அடியில் ஓரங்குலத் தண்ணீர் நின்றால் அது 230 கிலோவுக்கு மேல் எடை. தளத்தைத் தாங்கும் மரக்கட்டை இற்றுப்போயிருந்தால் தாங்காது. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று நிறைந்தால் ஒரு டன். அதைப் பழைய தளத்தின் நடுவில் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன் சுவர்மேல் எடை இறங்குகிறபடி மாற்றி வையுங்கள்.

இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சந்து

இப்போது நம் பேட்டையில் அதிகம் தொல்லை கொடுக்கிற இடத்துக்கு வருகிறேன். ஒரு பக்கம் பழைய மெட்ராஸ் தளம் போட்ட வீடு. தேக்கங்கட்டை பாவி, அதன்மேல் செங்கலைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையில் ஜல்லி போட்டு இறுக்கி, மேலே தட்டோடு பதித்தது. அதை ஒட்டி, இடித்துக் கட்டிய மூன்று மாடி. புதுச் சுவருக்கும் பழைய சுவருக்கும் நடுவில் ஓரங்குலமோ இரண்டங்குலமோ இடைவெளி. ஆள் நுழைய முடியாது, பூசவும் முடியாது. அதற்குள் எட்டிப் பார்த்தால் கட்டும்போது சிந்திய கலவை, செங்கல் துண்டு, புறா இறகு, வேப்பஞ்சருகு எல்லாம் சேர்ந்து ஊறிக் கிடக்கும். மூன்று மாடிச் சுவரில் வழிகிற மழை நேராக இந்தச் சந்தில் விழுகிறது. வெளியேற வழியில்லை. இரண்டு சுவரும் அதைக் குடிக்கின்றன. பழைய வீட்டில் தேக்கங்கட்டையின் முனை சுவருக்குள் இருக்கிறதல்லவா, அந்த முனைதான் முதலில் மக்கும். அறையில் இருந்து பார்த்தால் கட்டை நன்றாகத் தெரியும். இற்றுப்போனது சுவருக்குள் மறைந்திருக்கும்.

இதற்கு மேஸ்திரிகள் சிலர் சந்தின் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அது நிற்காது. வயசும் அஸ்திவாரமும் வேறான இரண்டு கட்டடங்கள் வெயிலுக்கும் மழைக்கும் வெவ்வேறு அளவில் அசையும். ஒரே கோடையில் சிமென்ட் பிளந்துகொள்ளும். செய்ய வேண்டியது தகடு வேலை. உயரமான சுவரில் காடி வெட்டி, துத்தநாகத் தகட்டையோ அலுமினியத் தகட்டையோ அதில் செருகிப் பூசி, சந்தைத் தாண்டித் தாழ்ந்த வீட்டுக் கைப்பிடிச் சுவர்மேல் சரிவாக இறக்கிவிட வேண்டும். கீழ்முனையை இறுக்கக் கூடாது, அசைய இடம் வேண்டும். ஒரு தகர வேலைக்காரரும் ஒரு கொத்தனாரும் சேர்ந்து செய்கிற வேலைதான். ஆனால் காடி வெட்ட மேல்வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், தகடு வந்து உட்கார கீழ்வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். ஒருவராகச் செய்ய முடியாது.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கினாலும் திரும்பக் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் உயரத்துக்கு ஏறும். ஓதம் நின்ற கோட்டுக்கு ஓரடி மேல் வரை சிமென்ட் பூச்சைத் தட்டிவிட்டு, உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டி எடுத்து, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பிலேயே பூசச் சொல்லுங்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் விட்டுச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் முழுசாக உலர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சுவர் அழுக்காகத் தெரிந்தால் தெரியட்டும். கைப்பிடிச் சுவரில் முளைக்கிற அரசங்கன்றை வெட்டி மட்டும் விடாதீர்கள், வேரோடு எடுங்கள். கான்கிரீட் வீட்டுக்காரர்கள் கம்பி தெரிகிற இடத்தைப் பூசி மறைக்காதீர்கள். துரு ஏறிய கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். துருவைச் சுரண்டி எடுத்துச் சரிசெய்யாமல் மேலே பூசுவது ஒரு மழைக்கும் தாங்காது. மாடித் தளம் புதிதாகப் போடுகிறவர்கள் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குல வாட்டம் இருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.

நடூரை மறக்க வேண்டாம்

அடுத்தவன் சுவர்தானே என்று இருந்துவிட முடியாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஆறாத ஒரு சாட்சி உண்டு. மேட்டுப்பாளையம் அருகே நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலை, விடாமல் பெய்த மழையில் ஒரு வீட்டின் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் பக்கத்துக் குடியிருப்பின்மேல் சாய்ந்தது. தூக்கத்தில் இருந்த 17 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். இறந்தவர்கள் பட்டியல் சாதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்தச் சுவர் பற்றி முன்பே முறையிட்டதாக அங்குள்ளவர்கள் சொன்னார்கள். மண்ணும் நீரும் பின்னாலிருந்து தள்ளுகிற சுவருக்கு, தண்ணீர் வடிய அடியில் துளைகளும் தாங்கிப் பிடிக்கத் தூண்களும் வேண்டும் என்பது கொத்தனார்களுக்குத் தெரிந்த பாடம். ஆனால் சுவர் யாருடையதோ அவருக்கு ஆபத்து தெரிவதில்லை, ஆபத்து யாருக்கோ அவர் சொல் எடுபடுவதில்லை. நம் பேட்டையில் வெளிப்பக்கம் வயிறு தள்ளிய சுவரையோ, விரிசல் நாளுக்கு நாள் அகலமாகிற சுவரையோ பார்த்தால் அதற்குக் கீழே குடியிருப்பவர் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். உரிமையாளரிடம் சொல்லுங்கள். அவர் அசையாவிட்டால் மாநகராட்சிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அபாயக் கட்டடத்தின்மேல் நடவடிக்கை எடுக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு.

வீட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால்

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஈரக் கையோடோ தண்ணீரில் நின்றுகொண்டோ அதைத் தொடாதீர்கள். சுவிட்ச் பலகைக்குள் நீர் இறங்கியிருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் திரும்பப் போடாதீர்கள். தெருக் கம்பியிலோ கம்பத்திலோ கோளாறு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987 இரவும் பகலும் எடுக்கும். பட்டறை நடத்துகிறவர்களிடம் குறிப்பாகக் கேட்கிறேன்: பாலீஷ் மோட்டார் ஓடுகிற வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தாமல் இந்த மழைக்காலத்துக்குள் நுழையாதீர்கள். ஓதம் ஏறிய சுவரில் மின்சாரம் கசிந்தால் சாய்ந்து உட்காருகிறவருக்குத்தான் அடி.

கூரைப் பூச்சு உப்பித் தொங்கினால் அதன் கீழே யாரும் படுக்கக் கூடாது. தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த துணி, பாய், மெத்தையை அன்றைக்கே வெளியே எடுங்கள். ஈரம் நின்றால் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிய பஞ்சு மெத்தையை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள், கழித்துவிடுங்கள். பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் அது காற்றில் பறக்கும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டியது. கொலுசுப் பட்டறையில் வெள்ளியைச் சுத்தம் செய்ய வைத்திருக்கிற ஆசிட் பல வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சுவர் கழுவப் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் அந்த ஆசிட்டில் கொஞ்சம் ஊற்றினால் இன்னும் வெளுக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

யார் செலவு

குடித்தனக்காரர்கள் பலர் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து ஒழுகலைச் சொல்லாமல் பாத்திரம் வைத்துச் சமாளிக்கிறார்கள். வீட்டுக்காரர்களே, சொல்லாமல் விட்ட அந்த ஆறு மாதத்தில் வீணாவது உங்கள் கட்டடம்தான். 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, கட்டடப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவற்றை உரிமையாளர் பொறுப்பிலும், குழாய் வாசர் மாற்றுவது, வடிகால் சுத்தம் செய்வது போன்ற சில்லறை வேலைகளைக் குடித்தனக்காரர் பொறுப்பிலும் வைத்திருக்கிறது. குடித்தனக்காரர்கள் ஓதத்தைப் பார்த்த அன்றே படத்தோடு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். வீட்டுக்காரர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் நேரில் வந்து பாருங்கள்.

பக்கத்து வீட்டு விஷயத்தில் சட்டத்தைவிடப் பேச்சு வேகமாகப் பலன் தரும். என் மாடித் தண்ணீர் உங்கள் சுவரில் விழுந்தால் குழாயைத் திருப்ப வேண்டியது நான். சந்துக்குத் தகடு போடும் செலவு பாதிப் பாதி. காரணம் தெரியாதவரை யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. இந்த மூன்றையும் தெருவில் ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டால் போதும்.

நிலத்து ஓதத்தில் மட்டும் இரண்டு வீட்டார் சேர்ந்தாலும் போதாது, தெருவே சேர வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய சாலையின்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வாசல்படி தாழ்ந்துபோன வீடுகள் நம் பேட்டையில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துவிடக் கூடாது என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அடுத்த முறை தார் வண்டி வரும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க நாலு பேர் தெருவில் நிற்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே வார்டு கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனுவைக் கொடுத்து வைப்போம். மனு எழுத நான் கூட இருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு, இரண்டு வீட்டு மாடிக்கும் சேர்ந்து ஏறுங்கள். குழாய் வாயில் உள்ள குப்பையை அப்போதே எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கிற பாட்டிகளும் தாத்தாக்களும் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அவர்களால் மாடி ஏறிப் பார்க்க முடியாது. அவர்கள் வீட்டு மாடியையும் நாமே பார்த்துவிட்டு, கண்டதை அவர்கள் பிள்ளைகளுக்குப் போனில் சொல்லிவிடலாம். பெயின்டரைத் தை மாதத்துக்கு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்